அகளியில் எனக்கும் திறக்காத கதவு

வடகரப்பதியில் எங்கள் பால் சங்கத்தின் கம்ப்யூட்டர் வேலை முழுக்க என் பொறுப்பு. அகளிக் கிளையின் டேட்டாபேஸ் சர்வரை, வெளியார் யாரும் தொட முடியாதபடி, விபிஎன் என்கிற தனி வழியில் எங்கள் சர்வரோடு இணைத்துக்கொண்டிருந்தேன். அந்த வழியைத் திறக்கும் முன்பே, அவசரத்தில், மற்ற வழிகளை எல்லாம் ஃபயர்வால் என்கிற காவல் மென்பொருளில் அடைத்துவிட்டேன். அடுத்த நொடி அகளி என் கையை விட்டுப் போனது.

சாயங்காலப் பால் வர ஒரு மணி நேரம்தான் இருந்தது. இணைப்பு இல்லாமல் ஒரு லிட்டர்கூடப் பதிவாகாது. மலையேறிப் போகவும் நேரமில்லை. அங்கே பால் அளவைப் பதிவு செய்யும் சரோஜாவுக்குப் போன் போட்டு, நடந்ததைச் சொன்னேன்.

"ஃபயர்வாலை மொத்தமா நிறுத்திடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"அது மட்டும் முடியாதுங்க சார். யார் கேட்டாலும் நிறுத்தக் கூடாதுன்னு நீங்கதானுங்களே எழுதிச் செவுத்துல ஒட்டுனீங்க?"

"நான்தானே சொல்றேன்!" என்று கத்தினேன்.

"கத்தாதீங்க சார். உங்க விபிஎன் வழிய மட்டும் தொறக்கறதுக்கு என்ன அடிக்கோணும், அதைச் சொல்லுங்க."

எழுத்து எழுத்தாகச் சொன்னேன். ஒவ்வொரு வரியையும் எனக்குத் திருப்பி வாசித்துக் காட்டிய பிறகே அவர் என்டரைத் தட்டினார். மூன்றாவது வரியில் அகளி என் திரைக்குத் திரும்பி வந்தது. முதல் பால் கேன் அப்போதுதான் வந்து இறங்கியதாம்.

அடுத்த வாரம் அகளிக்குப் போனேன். சுவரில் இருந்த நோட்டீஸில், 'யார் கேட்டாலும்' என்பதற்குப் பக்கத்தில், 'நான் கேட்டாலும்' என்று பேனாவால் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். நான் போட்ட பூட்டுகளிலேயே எனக்குப் பெருமையானது, என்னையே உள்ளே விடாத அந்த ஒன்றுதான்.