லைனில் இருக்கும் மகள்

அந்த அடுக்குமாடியில் திரைச்சீலை தைப்பவள் என்றால் எல்லோருக்கும் தெரியும், அவளைப் பெற்றவளைத் தவிர.

அம்மா தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள். முகம் தெரியாத ஜனங்களுக்கு இணைப்புக் கொடுத்தே காலம் தள்ளியவள். எதிர்முனையில் ஒருவர் தும்மினாலே ஆள் யாரென்று சொல்லிவிடுவாள் என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள். மறதி வந்து வீட்டைச் சுருட்டியபோது அந்தக் காதை மட்டும் விட்டுவைத்தது. முகங்களை ஒன்றுவிடாமல் கொண்டுபோய்விட்டது. வெளிநாட்டில் இருக்கும் மகன் முகம் போனதைக்கூட ஒத்துக்கொள்ளலாம். கூடவே கிடந்து சோறூட்டுகிறவள் முகமுமா போகவேண்டும்?

"இந்தாம்மா, உனக்கு யார் சம்பளம் குடுக்கறாங்க?" என்று அம்மா ஒருநாள் கேட்டாள்.

"சாப்பாடு போடறீங்களே, அது போதும்" என்று மகள் சிரித்துச் சமாளித்தாள். அன்று முழுக்கத் தையல் கோணலாகவே ஓடியது.

பிறகு ஒருநாள் நூல் வாங்கப் போன இடத்தில் கூட்டம். அம்மா தனியாக என்ன செய்கிறாளோ என்று பதறி வீட்டுக்குப் போன் போட்டாள்.

"ஏண்டி கண்ணு! எங்க போய்த் தொலைஞ்ச? சாப்டியா?"

கடை வாசலிலேயே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நேரில் பேசினால் நரைத்த தலையும் கண்ணாடியும் குறுக்கே வந்து அம்மாவைக் குழப்பிவிடும். போனில் குரல் மட்டும்தானே! குரலுக்கு நரை ஏது?

அன்றிலிருந்து தினமும் மாலையில் கதவைச் சாத்திக்கொண்டு மாடிப்படியில் போய் உட்காருவாள். அங்கிருந்து தன் வீட்டுக்கே போன் போடுவாள். ஏறி இறங்குகிறவர்கள், 'இந்த வயசில் யாரோடு இவ்வளவு குசுகுசுப்பு?' என்பதுபோல் பார்த்துப் போவார்கள். பார்க்கட்டுமே. அவளைக் கண்ணு என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருந்தது அந்த ஒரு வாய்தான்.

"இங்க ஒருத்தி இருக்காடி" என்று அம்மா அவளிடமே கோள் சொல்வாள். "நல்லவதான். ஆனா எப்பப் பாரு உம்முனு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு... பாவம், யாரும் இல்ல போல."

"சரி விடும்மா, கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்பாள் மகள்.

அதோடு திருப்திப்பட்டிருக்கலாம். மனசு கேட்டால்தானே? அந்தக் 'கண்ணு'வை ஒரே ஒரு தடவை முகத்துக்கு நேராகக் கேட்டுவிட வேண்டும் என்று அரிக்க ஆரம்பித்தது. அப்படி இருக்கையில் ஒரு மாலை அம்மாவே கேட்டாள்.

"உன்னைப் பாக்கணும் போல இருக்குடி. எப்ப வர்ற?"

"இதோ, வந்துட்டேம்மா."

போனைக் காதிலிருந்து எடுக்காமல் எழுந்தாள். குரல் அறுந்துவிடக் கூடாது, குரலைப் பிடித்துக்கொண்டே முகமும் உள்ளே போய்விட வேண்டும். அதுதான் அவள் கணக்கு. பேசிக்கொண்டே கதவைத் தள்ளினாள்.

"அம்மா, இங்க பாரு. நான்தாம்மா. வந்துட்டேன்."

அம்மா நாற்காலியில் ரிசீவரோடு உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

அடுத்த கணம் அம்மாவின் உள்ளங்கை ரிசீவரின் வாயைப் பொத்தியது. அறையின் சத்தம் லைனில் போய்விடக் கூடாது. அது அந்தக் காலத்து ஆபரேட்டர் பழக்கம்.

"ஷ்... சத்தம் போடாதம்மா" என்றாள், ரகசியமாக, பூரிப்போடு. "என் பொண்ணு பேசறா. வந்துக்கிட்டே இருக்காளாம். இனிமே அவ பாத்துக்குவா. நீ வீட்டுக்குப் போ. உங்க அம்மா உன்னைத் தேட மாட்டாங்களா?"

மகள் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தாள். சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள். மாடிப்படியில் உட்கார்ந்தாள்.

அம்மா கையை எடுத்திருக்க வேண்டும். போனில் மூச்சு கேட்டது.

"கண்ணு, லைன்ல இருக்கியா?"

"இருக்கேம்மா" என்றாள் மகள். "லைன்லதான் இருக்கேன்."