சாம்பல் பட்டை விழுந்த பக்கங்கள்

பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், சாந்தோமில் எங்கள் பங்குக் கோயிலின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் படமெடுத்துக் கணினியில் சேர்க்கும் வேலையை நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். தாள்கள் உதிரத் தொடங்கியிருந்தன. பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் எல்லாப் பக்கங்களும் படமாக இருக்க வேண்டும் என்றார் ஃபாதர். கேமராவில் எடுத்து, வீட்டுக் கணினி வழியாக ஹார்டு டிஸ்கில் ஏற்றி, கேமரா கார்டை அழித்துவிட்டு அடுத்த ஏட்டுக்குப் போவேன். கோயில் அலுவலகத்தைக் கவனிக்கும் பெண்மணி அந்த டிஸ்கைப் பார்த்துச் சான்றிதழ் எழுதுவார்.

முதல் ஐந்து ஏடுகள் பைண்டிங்குக்குப் போன பிறகு அவரிடமிருந்து போன் வந்தது.

"மிஸ், ஒரு பக்கம் பாதிதான் தெரியுது. கீழ எல்லாம் சாம்பல் கலரா இருக்கு."

போனேன். கல்யாணத்துக்காகச் சான்றிதழ் கேட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில்தான் அந்தப் பட்டை. கேமராவில் பார்த்தபோது நன்றாக இருந்த பக்கம் அது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"டிஸ்க வெடுக்குன்னு பிடுங்கினா இப்படித்தான் ஆகும்" என்றேன்.

"நான் ஒருநாளும் அப்படிப் பிடுங்கினதில்ல மிஸ்."

ஃபாதர் அந்த ஏட்டை மட்டும் பைண்டரிடமிருந்து வரவழைத்துச் சான்றிதழ் கொடுத்தார். மறுநாளிலிருந்து அலுவலகப் பெண்மணி டிஸ்கைத் தொடவில்லை. "நீங்களே மாட்டிடுங்க மிஸ்" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டார்.

புது டிஸ்க் வாங்கினேன். மூன்று நாள் ஒழுங்காக இருந்தது. நாலாம் நாள் இரண்டு பக்கங்களில் பட்டை. கேபிளை மாற்றினேன், மறுபடி பட்டை. அதே படத்தைக் கார்டிலிருந்து திரும்ப ஏற்றினால் நன்றாக வந்தது. ஒரேயடியாகக் கெட்டுத் தொலைந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். எப்போது கெடும், எது கெடும் என்று தெரியாமல் ஒவ்வொரு படத்தையும் திறந்து பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது. வீட்டில் யார் எது கேட்டாலும் வள்ளென்று விழுந்தேன்.

ராயப்பேட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவரிடம் இரண்டு டிஸ்குகளையும் கொடுத்தேன். ஒரு நாள் முழுக்கச் சோதித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"டிஸ்க்கு நல்லா கீதுக்கா."

"அப்புறம் படம் எப்படிக் கெடுது?"

"என்கிட்ட நல்லாத்தான் ஓடிக்கினு இருந்துச்சு. நீங்க வூட்ல இன்னா பண்றீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. நான் எதையும் தப்பாகச் செய்யவில்லை என்று அவரிடம் எப்படி நிரூபிப்பது? என் முகத்தைப் பார்த்து அவரே இறங்கி வந்தார். ஒரு கோப்பின் உள்ளடக்கத்தைக் கூட்டிக் கழித்து ஒரு நீண்ட எண்ணாகத் தரும் சின்ன நிரல் ஒன்றைக் காட்டினார். கோப்பு மாறாத வரை எண்ணும் மாறாது.

வீட்டுக்கு வந்து ஒரே படத்துக்கு அந்த எண்ணைப் பலமுறை எடுத்துப் பார்த்தேன். ஆறாவது முறை வேறு எண் வந்தது. நான் படத்தைத் தொடவே இல்லை. அதே டிஸ்கை என் கணவரின் மடிக்கணினியில் மாட்டினேன். இருபது முறையும் ஒரே எண்.

மறுநாள் என் கணினியையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். அவர் ஒரு சோதனையை ஓடவிட்டார். திரையில் சிவப்பு வரிகள் வரிசையாக இறங்கின.

"ரேம் போச்சுக்கா. ரெண்டுல ஒண்ணு."

டிஸ்குக்குப் போகும் எதுவும் ரேம் என்ற தற்காலிக நினைவகம் வழியாகத்தான் போக வேண்டுமாம். அதில் ஒரு சின்ன இடம் பழுது. அந்த இடத்தில் வந்து விழுந்த படம் மட்டும் கெட்டிருக்கிறது. விரலளவு பச்சைப் பட்டையைக் கழற்றி என் கையில் வைத்தார். இத்தனை நாளும் கோளாறு என் வீட்டு மேஜைக்கு அடியில்தான் இருந்திருக்கிறது.

எல்லாப் படங்களையும் திறந்து பார்த்ததில் நாற்பத்து மூன்று பக்கங்கள் கெட்டிருந்தன. பட்டியலோடு கோயில் அலுவலகத்துக்குப் போனேன்.

"தப்பு என் கம்ப்யூட்டர்ல. உங்களச் சொன்னது தப்புதான், மன்னிச்சிடுங்க."

அவர் பட்டியலை வாங்கி ஒருமுறை படித்தார். "சொன்னதுகூடப் பரவால்ல மிஸ். அந்தப் பொண்ணு முன்னாடி சொன்னீங்களே."

ஏடுகளைத் திருப்பி அனுப்பும்படி பைண்டரிடம் சொல்லிவைக்க வேண்டும் என்று அவரே போனை எடுத்தார். அந்தப் பக்கங்களை மறுபடி எடுத்து முடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. டிஸ்கை இன்றுவரை நான்தான் போய் மாட்டிக் கொடுக்கிறேன்.