கிரேசி வாங்கிய 'குட்'

எங்கள் குடியிருப்பின் லிஃப்டில் இன்று ஆங்கிலத்தில் ஒரு நோட்டீஸ். 'சம்படி' பூந்தொட்டியை உடைத்துவிட்டாராம். படித்ததும் நனைந்த நோட்டின் வாடை மூக்கில் ஏறியது.

எழுபதுகளில், மூணாறு பக்கம் தேயிலை எஸ்டேட் பள்ளிக்கூடம். நான் கொழுந்து பறிப்பவளின் மகள். என் பக்கத்தில், தேயிலை ஃபாக்டரியைக் கவனிக்கும் டீமேக்கரின் மகள் கிரேசி. அவளுக்கு வீட்டில் அப்பாவே ஆங்கிலம் சொல்லித்தருவார். அவள் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் 'குட்'. என் நோட்டில் ஒன்றுகூட இல்லை. பார்க்கப் பார்க்க வயிறெரியும்.

அன்று காலை சார், "செஞ்சது யாருன்னு தெரியலைன்னா இங்கிலீஷ்ல 'சம்படி'ன்னு சொல்லணும்" என்று பாடம் நடத்தினார். சாப்பாட்டு மணி அடித்ததும் கிரேசியின் நோட்டை எடுத்துப்போய் மழைத்தண்ணீர் ஓடிய வாய்க்காலில் போட்டேன். திரும்பினால் அவள் சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மை கரைந்த நோட்டைச் சார் தூக்கிக் காட்டினார். கையில் பிரம்பு. "யாரு பாத்த வேல இது? கிரேசி, நீ சொல்லு."

கிரேசி எழுந்தாள். என்னையே பார்த்தபடி, "சம்படி, சார்" என்றாள்.

சார் பிரம்பை வைத்துவிட்டார். "காலைல நடத்துன பாடத்த எப்படிப் பிடிச்சிருக்கா பாரு! எல்லாரும் கைதட்டுங்க."

நானும் தட்டினேன். அடி வாங்கியிருந்தால் அன்றோடு மறந்திருப்பேன்.

பூந்தொட்டியை உடைத்தவரை நான் பார்த்தேன். குடியிருப்பு செக்ரட்டரி கேட்டால் நானும் 'சம்படி' என்றுதான் சொல்வேன். ஆனால் எனக்கு யார் கைதட்டப் போகிறார்கள்?