ஏழாம் நம்பர் கல்

படம் பிடிக்கிற தொழிலில் கல்லைப் போல நல்ல ஆள் கிடைக்காது என்று நினைத்திருந்தேன்: கண் சிமிட்டாது, தலையை ஆட்டாது, படம் வந்த பிறகு "நான் இவ்வளவு கறுப்பா?" என்று கேட்காது. என்னைப் போலக் கறுப்புத் துணிக்குள் தலையைக் கொடுத்துப் பிழைக்கிற சகோதரர்களே, உங்களுக்கும் அந்த நினைப்பு இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

பதுளைக் கடைவீதியில் கல்யாண மாப்பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தவன் நான். நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத் துரை ஒருவர் கூப்பிட்டனுப்பினார். அவருக்குத் தேயிலையை விடக் கல்லின் மேல் ஆசை. எழுத்தே இல்லாத காலத்து மனிதர்கள் போட்ட கல்வட்டங்களும் புதைமேடுகளும் தம் மலையில் இருப்பதாக நம்பினார். நான் ஒவ்வொன்றுக்கும் சுண்ணாம்பால் நம்பர் போட்டுப் படம் எடுக்க வேண்டும். நம்பர் விழுந்ததை அவர் ஆள் வைத்துத் தோண்டுவார்.

பதினோரு கல்

முதல் நம்பர் மலை உச்சியில் இருந்தது. வட்டமாகப் பதினோரு கல். பனிமூட்டம் விலகட்டும் என்று மத்தியானம் வரை காத்திருந்தேன். "இது பழசா?" என்று துரை கேட்டார். கூட வந்த பெரிய கங்காணி கொஞ்சமும் யோசிக்காமல், "ஆதி காலத்துக் கல்லுங்க துரை" என்றார். துரை தொப்பியைக் கழற்றினார். எனக்கும் உள்ளுக்குள் ஒரு மரியாதை வந்துவிட்டது.

துரை பங்களாவுக்குப் போனதும் கொழுந்து பறிக்கிற பெண்கள் சோற்று வாளியோடு வந்து ஆளுக்கொரு கல்லில் உட்கார்ந்தார்கள். நான் பதறிப்போய் எழுந்திருக்கச் சொன்னேன். முஸ்லிம் கடைக்காரனான என்னைத் தோட்டத்தில் எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்களில் மூத்தவள் மெல்லுவதை நிறுத்தாமல் சொன்னாள்: "போன வருசம் நாங்கதான் நானா உருட்டிப் போட்டோம். பன்னெண்டு இருந்துச்சு. ஒருத்தி கல்யாணங் கட்டி பண்டாரவளைப் பக்கம் போயிட்டா, அவ கல்லை அடுப்புக்கு எடுத்துக்கிட்டோம்."

அளவுக்கு ஓர் ஆள்

கல்லின் உயரம் தெரிய, பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தச் சொன்னார் துரை. சமாதிக் கல்லோடு சேர்த்துப் படம் பிடித்தால் ஆள் ரொம்ப நாள் இருக்க மாட்டான் என்று கூலிக்காரர் குடியிருக்கிற லயம் முழுக்கப் பேச்சு. என் பெட்டியைச் சுமந்து வந்த மாரிமுத்து, நான் கூப்பிட்டதுமே தேயிலைச் செடிகளுக்குள் மறைந்துவிட்டான். கடைசியில் கங்காணிதான் துணிந்து நின்றார், கறுப்புக் கோட்டோடும் புதுத் தலைப்பாகையோடும். ஆனால் நான் துணிக்குள் தலையைக் கொடுத்ததும் இரண்டடி முன்னால் வந்துவிடுவார். மூன்று தகடுகளைக் கழுவிப் பார்த்தேன். மூன்றிலும் கங்காணி இருந்தார், கல்லைக் காணோம். கேட்டதற்கு அவர் சொன்னது: "கல்லு எங்க நானா ஓடிறப் போகுது? நான்தான் இன்னைக்குக் கோட்டு போட்டிருக்கேன்."

மூன்று துளைகள்

ஐந்தாம் நம்பர் ஒரு மண்மேடு. தோண்டினார்கள். முழங்கால் ஆழத்தில் ஓர் உடைந்த பானை கிடைத்தது. ஓடுகளைச் சேர்த்துப் பார்த்தால் மூன்று துளைகள். துரைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வெட்டிக்கொண்டிருந்தவர்களோ மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அன்றிலிருந்து என் சுண்ணாம்புக் கட்டியைக் கண்டாலே லயத்து ஜனங்கள் ஒதுங்கிப் போனார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாயங்காலம் கங்காணியைப் பிடித்துக் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார்: "நாங்க கொள்ளிக் குடத்துல மூணு தொளை போடுவோம் நானா. ஆதி காலத்துலயும் போட்டிருப்பாங்கள்ல? மொதநாளே ஆதி காலம்னு சொல்லிப்புட்டேன், இது அவங்க குழியா எங்காளுங்க குழியான்னு இப்ப எனக்கே ஒண்ணும் புரியல."

சுமைதாங்கி

கொழுந்தைக் கொண்டுபோய்ப் போடுகிற ஸ்டோருக்கு இறங்கும் பாதையில் இரண்டு கல் நட்டு, மேலே ஒரு பலகைக்கல் வைத்திருந்தது. துரை அதைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். தம் நாட்டிலும் ஆதிமனிதர் சமாதி இப்படித்தான் இருக்கும் என்றார். கங்காணி வழக்கம்போலத் தலையாட்டினார். நான் ஏழாம் நம்பர் போட்டேன். மறுநாள் காலைப் பெரட்டில் ஆட்களுக்கு வேலை பிரித்து முடிந்ததும் முதலில் படம், பிறகு கல்லைப் பெயர்ப்பது என்று உத்தரவு.

துரை போனதும் மாரிமுத்து என் பெட்டியைக் கீழே வைத்தான். "அது எம் பொஞ்சாதி கல்லுங்க" என்றான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோனாளாம். அப்படிப் போனவளுக்குச் சுமைதாங்கி நடுவது அவர்கள் வழக்கம். வழியில் போகிறவர்கள் அதன் மேல் சுமையை இறக்கி இளைப்பாறினால், அவள் வயிற்றுச் சுமை குறையுமாம். "தோண்டுனா ஒண்ணும் இருக்காது நானா. அவளைப் பொதைச்சது வேற எடம். ஆனா கல்லை எறக்கிட்டா அவ சொமையை யாரு வாங்கிக்கிறது?" துரையிடம் சொல்லச் சொன்னேன். "கங்காணி சொன்னதுக்கு மேல நான் எப்படிங்க பேசுறது?" என்றான். நானாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் முதல் நம்பரிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். துரை வேலையை நிறுத்திவிடுவார் என்று பயந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை கல்லை நெம்ப அலவாங்கோடு நாலு பேர் நின்றார்கள். நான் வெளிச்சம் சரியில்லை என்றேன். மேகம் என்றேன். முக்காலியை மாற்றி மாற்றி வைத்தேன். எதற்காக இழுக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பத்து மணிக்குக் கொழுந்து மூட்டைகளைத் தலையில் வைத்துப் பெண்கள் இறங்கி வந்தார்கள். முதலில் வந்தவள் துரையைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், மூட்டையைக் கல் மேல் இறக்கினாள். துரை போகச் சொன்னார். அவள் எடுத்துக்கொண்டு போனதும் அடுத்தவள் இறக்கினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி.

துரை திரும்பினார். "கங்காணி, இது பழசா?"

கங்காணி தம் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார். பிறகு, "இதுக்கு மூணு வயசுங்க துரை. இந்தா நிக்கிறானே, இவன் பொஞ்சாதிக்கு வச்சது" என்றார். மற்ற ஆறும் என்ன என்று துரை கேட்டதற்கு, தெரியாது என்றார். துரை அலவாங்குக்காரர்களைப் போகச் சொன்னார். தம் கைக்குட்டையாலேயே கல்லில் இருந்த சுண்ணாம்பு நம்பரைத் துடைத்தார்.

நான் முக்காலியை மடக்கப் போனேன். மாரிமுத்து போய்க் கல்லின் மேல் கைவைத்து நின்றான். சமாதிக் கல்லோடு நிற்கப் பயந்தவன்தானே என்று ஞாபகப்படுத்தினேன். அவன் சொன்னான்: "இவ பக்கத்துல எனக்கென்ன பயம்? மூணு பேரையும் சேத்து எடுங்க நானா."

என் அலமாரியில் இருக்கும் கற்படங்களில் எது ஆதி காலம், எது போன வருஷம் என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. சந்தேகமே இல்லாமல் குடும்பப் படம் என்று எழுதி வைத்திருப்பது அந்த ஏழாம் நம்பர் ஒன்றைத்தான்.