உச்சி வெயிலில் பதினொரு வோல்ட்

நடை சாத்தி அரை மணி நேரம் ஆகியிருந்தது. வெளிப் பிராகாரத்தில் ஈ காக்கை இல்லை. ஆனாலும் மண்டபத்து நிழலில் உட்கார்ந்திருந்த பிரவீனாவின் மடியில் மீட்டர் முப்பது வோல்ட்டுக்குத் துள்ளி எழுந்தது.

யாரும் மிதிக்காத டைல் எப்படி மின்சாரம் தரும்?

ஷேர் ஆட்டோ ஓட்டும் அப்பா சிட்டிபாபுவின் வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி. கல்லூரி ஆய்வுத் திட்டம் ஒன்றில் ஆறு மாத வேலை. பக்தர்கள் சுற்றிவரும் கல் பாதையில் நான்கு டைல்கள் பதித்திருந்தார்கள். உள்ளே காசு அளவில் பீசோ வில்லைகள். கால் பட்டு அழுந்தினால் அவை மின்சாரம் தரும். காலையில் ஓர் அடிக்குப் பதினெட்டு வோல்ட். வெயில் ஏற ஏற அது இறங்கிக்கொண்டே போகும். சூட்டில் வில்லையின் குணமே மாறுகிறது. அடியில் இருக்கும் ரப்பரும் இளகி, மிதியில் பாதியைத் தானே விழுங்கிவிடுகிறது. காஞ்சிபுரத்து வெயிலைத் தாங்காத டைல் யாருக்கு வேண்டும்? திட்டத்தைத் தொடர்வதா என்று முடிவெடுக்க இன்று நாலு மணிக்கு ரிவ்யூ. திட்டம் நின்றால் அவள் வேலையும் நிற்கும்.

மூன்று நாளாகத்தான் எல்லாம் தலைகீழ். உச்சி வேளையில் முப்பது வோல்ட்! நேற்று வரைபடத்தை அனுப்பியதும், திட்டத்தை நடத்தும் சுகாசினி மேடமிடமிருந்து உடனே பதில் வந்தது: "பின்னிட்ட பிரவீனா! இதுதான் முதல் ஸ்லைடு." அப்பா அதை ஆட்டோ ஸ்டாண்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டிவிட்டார்.

பிரவீனா எழுந்து ஓடினாள். மூலை திரும்பியதும் நின்றாள். கோயில் ஊழியர் வீரபாகு ரப்பர் குழாயைப் பிடித்து டைல்களின்மேல் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இன்னா பண்றீங்க?"

"கால் சுடுதுன்னு ஜனங்க கத்துறாங்க. மூணு நாளா ஊத்திக்கினுதான் இருக்கேன். ரெண்டு நிமிஷத்துல காஞ்சிடுது. உன் டைலும் வெந்துக்கினு கெடக்குது, பாவம். அதுக்குன்னு இன்னிக்கு நடை சாத்தினப்புறமும் கொஞ்சம் சேத்து ஊத்துறேன்."

"பாவம் பாத்தீங்களே!"

அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மண்டபத்துக்குத் திரும்பி, காயட்டும் என்று காத்திருந்தாள். மீட்டரைப் பார்த்துக்கொண்டே, "இப்ப ஊத்துங்கண்ணா" என்று குரல் கொடுத்தாள். முப்பத்தொன்று. மீண்டும் காயவிட்டு ஊற்றச் சொன்னாள். இருபத்தொன்பது. சூடு சட்டென்று இறங்கினாலே இந்த வில்லையில் மின்னூட்டம் கிளம்பும். இரண்டு மதிப்பெண் கேள்விக்கு மனப்பாடம் செய்து எழுதிய விடை அது. எழுதினாளே தவிர, இன்றுவரை அது என்னவென்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

சொல்லாமல் இருந்தால் என்ன? தண்ணீர் காய்ந்துவிட்டது. வீரபாகுவை யார் கேட்கப் போகிறார்கள்? இந்த நினைப்பு இவ்வளவு சுலபமாக வந்ததே என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. போனை எடுத்தாள்.

"மேடம், நேத்து அனுப்பின கிராஃப் தப்பு. அது மிதிச்ச கரண்ட் இல்ல. தண்ணி ஊத்தினதுல வந்தது."

"மணி ஒண்ணேகால், பிரவீனா. நாலு மணிக்கு நான் எதைக் காட்டறது?"

"தண்ணி படாத மத்தியான ரீடிங் எடுத்துக்கினு வரேன் மேடம்."

"கோயில் பூட்டியிருக்கு. யார் மிதிப்பா?"

"நான் மிதிக்கிறேன்."

டைல்களருகே போய், அவை காய்ந்து பழையபடி கொதிக்கும்வரை நின்றாள். சுடிதாரைக் கணுக்காலுக்குமேல் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் டைலில் கால் வைத்தாள். சுரீர் என்றது. அடுத்தது. அதற்கடுத்தது. திரும்பி வந்தாள். பத்து நடைக்கு நாற்பது மிதி.

"இன்னா மா, வேண்டுதலா?" வீரபாகு குழாயைத் தூக்கினார். "கால் பொத்துடும். கொஞ்சம் ஊத்துறேன் இரு."

"ஊத்தாதீங்கண்ணா! ஒரு சொட்டு பட்டா மொத்தமும் வீணு."

"இன்னா படிப்போ போ." குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டார்.

எட்டாவது நடையில் ஓடிவிடத் தோன்றியது. ஓடினால் மிதி மாறிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். நாற்பதாவது மிதி முடிந்ததும் நொண்டிக்கொண்டே மண்டபத்துக்குப் போய், மீட்டரில் பதிவானதைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதினாள். சராசரி பதினொரு வோல்ட். நேற்றைய முப்பதை அடித்து, பக்கத்தில் 'தண்ணீர்' என்று எழுதினாள்.

பிறகு டைல்களை விட்டு எட்டடி தள்ளிப் போய் நின்று, சிவந்த பாதங்களை ஒவ்வொன்றாக நீட்டினாள்.

"இப்ப ஊத்துங்கண்ணா."