அக்காவின் தலைவலியும் முழுமுதல் மனமும்

நாற்பது வயதைத் தாண்டிய பிறகு தொலைதூரக் கல்வியில் தத்துவம் படிக்கச் சேர்ந்தேன். பகலில் பள்ளி ஆசிரியை வேலை. அந்தப் பருவத்துக்கு எனக்கு வந்த கட்டுரைத் தலைப்பு, கருத்துமுதல்வாதிகள் சொல்லும் முழுமுதல் மனம். உலகம் முழுவதும் ஒரே மனத்தின் வெளிப்பாடு, நம் ஒவ்வொருவர் மனமும் அதன் ஒரு கூறு, நம் வழியாகவே அது தன்னை அறிந்துகொள்கிறது என்பது அவர்கள் வாதம்.

கெலாங் பாத்தாவில் தொழிற்சாலை வேலை பார்க்கும் அக்காவிடம் இதைச் சொன்னேன். அவள் நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாருக்கும் ஒரே மனசுன்னா, எனக்குத் தலை வலிக்கிறப்ப உனக்கு ஏன் வலிக்கல?"

"அந்தப் பாடம் இன்னும் வரலக்கா."

இருவரும் சிரித்தோம். இரண்டு வாரம் கழித்து வேலையிடத்தில் மயங்கி விழுந்தாள். மூளையில் கட்டி என்றார்கள்.

அறுவை சிகிச்சைக்கு முன், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர், "கனவுகூட வராது, பயப்படாதீங்க" என்றார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. கனவும் இல்லையென்றால் அறுவை நடக்கும் ஆறு மணி நேரமும் அவள் மனம் எங்கே இருக்கும்? வெளியே உட்கார்ந்து பாடப்புத்தகத்தைப் பிரித்தேன். ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தப் பெரிய மனத்தில் அக்கா பத்திரமாக இருப்பாள் என்று நினைக்கப் பார்த்தேன். புத்தகத்தை மூடிவிட்டேன். அதில் கலந்துபோன அக்காவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? என் சம்பாலில் உறைப்பில்லை என்று திட்டுகிறவள் திரும்பி வர வேண்டும்.

மறுநாள் கண் திறந்தாள். என்னை உற்றுப் பார்த்து, "மிஸி, தண்ணி" என்றாள். தாதியென்று நினைத்துவிட்டாள். "மூளை வீக்கம் வடியட்டும்" என்றார் டாக்டர். மூன்று நாள் அவளுக்கு நான் மிஸியாகவே இருந்தேன். நான்காம் நாள் முகம் துடைத்துவிடும்போது கையைத் தட்டிவிட்டாள்.

"அலமாக், மெதுவா லா! நீ ஸ்கூலுக்குப் போலயா?"

நடைபாதைக்கு ஓடிப்போய் அழுதேன்.

அவகாசம் கேட்டுக் கட்டுரையை முடித்தேன். முழுமை எவ்வளவு பெரியதானாலும், அதில் ஒருத்தியை மட்டும் இழக்க முடியாதவர்களுக்கு அந்தத் தத்துவத்தில் இடம் எங்கே என்று கேட்டிருந்தேன். ஓரத்தில் 'உணர்ச்சி மிகுதி' என்று விரிவுரையாளர் குறித்திருந்தார். ஆனாலும் தேறிவிட்டேன்.

அக்கா வேலைக்குத் திரும்பிவிட்டாள். சில சொற்கள் மட்டும் நழுவுகின்றன. குடையை, "அதான், மழைக்குப் பிடிப்போமே" என்கிறாள். தினமும் பள்ளி ஓய்வு நேரத்தில் அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டு என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிறேன். பதில் ஒரு கணம் தாமதித்தாலும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறேன்.