துளைக்குள் போனால் உங்களது

ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி முதலாளி சென்னியப்பன் சட்டம் படித்தவரல்லர். ஆனாலும் அவர் இயற்றிய சட்டம் ஒன்று எருமப்பட்டி முதல் மேச்சேரி வரை அமலில் இருந்தது. பூமிக்கு மேலே நிற்கும் வண்டியும் ஆட்களும் அவர் பொறுப்பு. துளைக்குள் இறங்கியது எதுவானாலும் தோட்டத்துக்காரர் பொறுப்பு. காகிதம் கிடையாது. போர் போடுமுன் தேங்காய் உடைக்கிற கை எதுவோ, அந்தக் கைக்குத்தான் துளை சொந்தம். பாறையைக் குடையும் ஹேமர் உள்ளே சிக்கினால் புதிது வாங்கித் தரவேண்டியதும் அந்தக் கையே. ஆகவே தேங்காயைப் பவ்வியமாக நீட்டிவிட்டு சென்னியப்பன் தள்ளி நின்றுகொள்வார்.

மும்பையில் கடல் எண்ணெய்க் கம்பெனிக்கு ஒப்பந்தம் எழுதும் மச்சினன் சிவபிரகாஷ், "கடல்லயும் பெரும்பாலும் இதேதானுங்க மாமா" என்று சொன்னதிலிருந்து அவர் நடையில் நீதிபதியின் கனம் ஏறியிருந்தது.

போன மாசியில் மனைவி சௌந்திரத்தின் எருமப்பட்டித் தோட்டத்தில் போர். வழக்கம்போல் தேங்காயை அவளிடம் நீட்டினார்.

"ஏனுங்க, மொதலாளி நீங்க நிக்கறப்ப நான் ஒடைக்கறதா? நாலு சனம் பாக்குதல்ல?"

முதலாளி உள்ளம் குளிர்ந்து ஓங்கி உடைத்தார். வண்டி ஓட்டும் பெரியசாமி வாயைத் திறந்து, மூடிக்கொண்டான்.

மண் சரியாமல் தாங்கும் கேசிங் பைப்பை இன்னும் கொஞ்சம் இறக்கலாமா என்று அவன் கேட்டபோது, "போதும்டா" என்றார். மதியத்துக்குள் சரளை சரிந்து ஹேமர் சிக்கியது. இருந்தது அது ஒன்றுதான். மறுநாள் மேச்சேரியில் வேலை. இழுத்த இழுப்பில் வண்டிதான் முன்னங்காலைத் தூக்கியது.

"சௌந்திரம், தோட்டம் உம்பேர்லதான இருக்குது?"

"ஆமாங்க. தேங்கா ஆருங்க ஒடைச்சது?"

பெரியசாமி வானத்தை ஆராய்ந்தான்.

"செரி, ஆளுக்குப் பாதி" என்று சென்னியப்பன் முதன்முறையாகச் சமரசத்துக்கு இறங்கினார்.

"அப்ப இனி எல்லாத் தோட்டத்துலயும் பாதிப் பாதிதானுங்க. மாரியாயக்கா தோட்டத்துல சிக்குனப்ப, அது ஆட்டை வித்து உங்களுக்கு ஹேமர் வாங்கிக் குடுத்துச்சே, அன்னிக்கே கேட்டிருக்கோணும்."

"செரி புள்ள, செரி!"

"பெரியசாமி, கேட்டுக்கிட்டயா?"

"கேட்டனுங்கக்கா" என்றபடி அவன் மறுபடியும் லீவரை இழுத்தான். பூமி ஒரு ஏப்பம் விட்டது. சேறு வழிய, ஹேமர் முழுசாக மேலே வந்தது.

சென்னியப்பன் பூமியை முறைத்தார். "ஹேமருதான் வந்துருச்சே, அந்தப் பாதிப் பேச்சு..."

"பேசுனது பேசுனதுதானுங்க."

மறுநாள் மேச்சேரியில் வண்டி நிற்குமுன்பே தோட்டத்துக்காரர் சிரித்துக்கொண்டு வந்தார். "பாதிப் பாதியாமா? உங்க வூட்டம்மா போன் பண்ணுச்சுங்க!"

சென்னியப்பன் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிக் கசக்கினார். இத்தனை வருஷத் தொழிலில் யாரிடமும் கேட்டிராத கேள்வியைக் கேட்டார்: "ஏனுங்க, இந்த மண்ணு எவ்வளவு ஆழம் வரைக்கும் சரியும்?"